மேட்டு வீட்டுக் குழாயும் ஊர் மோட்டாரும்

மேட்டுத் தெரு உச்சியில் இருக்கும் தையல்காரி கண்ணசைத்தால்தான் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று ஒரு பேச்சு. சலூனில் விசாரித்தால், ஏதோ மந்திரம் தெரியும் என்றார்கள். மருந்துக்கடையில் கேட்டால், அதெல்லாம் இல்லை, பெரிய இடத்துப் பழக்கம் என்று குரலைத் தாழ்த்தினார்கள். நேரில் போய்ப் பார்த்ததில் இரண்டுமே புளுகு. அவளிடம் இருந்தது ஒரு குழாயும் ஒரு தம்பியும்தான்.

தம்பிக்கு நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் திரை பார்க்கிற உத்தியோகம். ஊரிலுள்ள தொட்டி, மோட்டார், சாக்கடைக் கிணறு எல்லாவற்றிலும் கருவி மாட்டியிருக்கிறார்கள். அவை அனுப்பும் எண்களை ஓர் அறையில் உட்கார்ந்தபடியே அவன் பார்ப்பான். வால்வைத் திருக வெயிலில் அலைந்தவன், இப்போது சட்டை கசங்காமல் வீடு திரும்புகிறான்.

ஊரின் உயரமான இடத்துக்குத் தண்ணீர் எட்டினால் மற்ற இடங்களுக்கும் எட்டிவிடும் என்பது கணக்கு. அழுத்தம் பார்க்கும் கருவியைத் தெருவில் வைத்தால் யாராவது கழற்றி எடைக்குப் போட்டுவிடுவார்கள் என்று அக்கா வீட்டு முற்றத்துக் குழாயில் மாட்டினான். அங்கே அழுத்தம் குறைந்தால் கருவி சேதி அனுப்பும். கீழே மோட்டார் தானாக வேகமெடுக்கும்.

"இதத் தொடாதேக்கா. இது சும்மா இருந்தாத்தான் நான் சும்மா இருக்க முடியும்."

"நீ எப்பவுமே சும்மாதானேடா இருக்கே?"

கருவியை அவள் தொடவே இல்லை. ஒருநாள் போர்வை அலசக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நர்ஸ் அலறினாள்: "அக்கா! எங்க ஷவர்ல தண்ணி வருது!" அக்கா குழாயை மூடினாள், ஷவர் அடங்கியது. திறந்தாள், பிழைத்தது. துணி வெட்டுகிறவளுக்கு அளவு பிடிபட எவ்வளவு நேரமாகும்?

குடம் சுமந்து மேடேறியே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். ஆள் தேடி வருவதென்றால் தைத்த ஜாக்கெட் இடுப்பில் பிடிக்கிறது என்று குறை சொல்லத்தான் வருவார்கள். இப்போது விருந்தாளி வருகிறார், தலை குளிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். அவள் கை நீட்டிக் காசு வாங்கவில்லை. ஆனால் அவள் தைத்த துணியை முதலில் வாயாரப் புகழ வேண்டும். அப்புறம்தான் குழாய் திரும்பும். வாடகை கேட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையும் வீட்டுக்காரர்கூட வாசலில் இருமிவிட்டு வரப் பழகினார்.

மேட்டில் ஷவர் பொங்க, பள்ளத்துத் தெருக்களில் பழைய குழாய்கள் அழுத்தம் தாங்காமல் தினமும் வெடித்தன. நகராட்சி இன்ஜினியர் தம்பியைக் கூப்பிட்டார். "மேட்டுல மட்டும் ஏன்யா பிரஷர் விழுது? இந்த வாரத்துக்குள்ள கண்டுபிடி. இல்லைன்னா கழிவுநீர் ஸ்டேஷனுக்குப் போயிடு. அங்க திரை வேண்டாம், மூக்கே போதும்."

ஏற்கெனவே இரண்டு முறை கருவியை மாற்றியாகிவிட்டது. மூன்றாவதையும் தூக்கிக்கொண்டு தம்பி முற்றத்தில் உட்கார்ந்தான். அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். மேலிருந்து குரல்: "அக்கா, இன்னும் கொஞ்சம் திறங்களேன், தலை முழுக்க ஷாம்பு!"

தம்பியின் கை நின்றது. "எதத் திறக்கச் சொல்றாங்க?"

"ஜன்னல."

"ஜன்னலத் திறந்தா ஷாம்பு போகுமா?"

அக்கா அவசரமாக டீயை ஆற்றினாள். குழாய்தான் ஏற்கெனவே பாதி திறந்திருந்தது. தம்பி அதைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான், எழுந்து நின்று கத்தினான். "அறிவிருக்கா உனக்கு? ஊர்ல பாதிக் குழாய உடைச்சிட்டியே! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பைத்தியமே!" மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. ஒன்றில் நுரை.

"உன் வேலை போயிடுமாடா?"

"போகாது. நாறும்."

அவள் குழாயை இறுக மூடினாள். நல்ல செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு நேரே இன்ஜினியர் அறைக்குப் போய் நின்றாள். "திறந்தது நான், சார். கண்டுபிடிச்சது என் தம்பி." கண்டுபிடிக்க வைத்தது ஷாம்பு என்று சொல்லவில்லை.

இன்ஜினியர் முதலில் குதித்தார். பிறகு சிரிப்பை அடக்க மேசை இழுப்பறைக்குள் எதையோ தேடினார். கருவி தெருவின் பெரிய குழாய்க்கு, இரும்பு மூடிக்கடியில் போனது. மாலையில் மட்டும், பள்ளத்துக் குழாய்கள் தாங்கும் அளவுக்கு, மோட்டாரை ஒரு பிடி ஏற்றச் சொன்னார். மூன்றாவது மாடியில் இப்போது வருவதை ஷவர் என்று சொல்ல முடியாது, தலை நனையும். தம்பியின் நாற்காலி தப்பியது. வீட்டுக்காரர் இருமலை நிறுத்திவிட்டார்.

பாக்கி ஒன்று மட்டும் நிற்கிறது. தம்பி வாரம் தவறாமல் வருகிறான். சமையலறையில் உட்கார்ந்து, டம்ளருக்குள்ளேயே முணுமுணுப்பான்: "அன்னிக்குக் கொஞ்சம் கத்திட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காதே."

"எங்க நின்னுடா கத்தினே?"

"முற்றத்துல."

"இது எது?"

"அக்கா, ஜனங்க பாப்பாங்க."

"அன்னிக்கும்தான் பாத்தாங்க. அதே இடம், அதே சத்தம். மூணு மாடிக்கும் கேக்கணும்."

போன வாரம் முற்றம் வரைக்கும் வந்துவிட்டான். மேலே நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அண்ணாந்து பார்த்தான், கனைத்தான். "தொண்டை கட்டியிருக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்," என்று செருப்பைத் தேடினான்.