அக்காவின் தத்துவப் படிவம்

செவ்வாய்க்கிழமை தேதியிட்ட கல்லூரிக் கடிதம் மேசையில் கிடக்கிறது. மகளுக்கு இளங்கலைத் தத்துவத்தில் இடம். முதல் பருவத்தில் தர்க்கவியல், அறவியல். வெள்ளிக்குள் சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டும். முத்திரையின் மை வாடை என்னை உட்கார விடவில்லை.

என் சின்ன வயதில், சுவா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் கடிதங்களை ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணிதான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னும் பிரித்து வாசிப்பார். அக்காவுக்கும் இதே படிப்பில் இடம் கிடைத்த கடிதத்தை அப்படித்தான் வாசித்தார்.

“தத்துவமா? சாமியாராப் போறியா புள்ள?” என்றார் கிராணி.

“சாமியாருக்குப் பரீட்சை வைப்பாங்களா ஐயா?” என்றாள் அக்கா. பெரட்டே சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை.

“சம்மதம்னு எழுதிடுங்கய்யா” என்று அப்பா வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வைத்து அவரிடமே கொடுத்தார். கல்லூரியிலிருந்து பதிலே வரவில்லை. அக்கா போர்டிக்சன் நகரத் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இன்று மகளின் படிவத்தை நானே நிரப்பி, நானே தபாலில் சேர்த்தேன். அக்காவின் படிவத்தில் கிராணி என்ன எழுதினார், அதை அனுப்பினாரா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.