கஸ்பார் எழுதிய அருவி

லக்வாயன் நகராட்சியில் நகரம் என்று எதுவும் கிடையாது. ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், சனிக்கிழமைச் சந்தை, வருடத்துக்கு மூன்று முறையாவது சரிந்து பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும் ஒரு சாலை. மிச்சமெல்லாம் மலை, மலையைச் செதுக்கிய படிவயல். இவ்வளவையும் இரண்டு பக்கத்துக்குள் அடக்கி எழுதுகிற வேலை முப்பது வருடமாகக் கஸ்பார் தல்யாகனுடையது.

மாகாணத் தலைமையிடத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். பரப்பு, உயரம், நான்கு எல்லைகள், வரலாறு, விளைச்சல். திட்டப் பிரிவின் எழுத்தரான கஸ்பார் போன வருடத்து நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். பிறந்தவர்களைக் கூட்டுவார். செத்தவர்களையும், ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனவர்களையும் கழிப்பார். மலை வளர்வதில்லை என்பதால் உயரத்தில் கை வைக்கமாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊரே முடிந்துவிடும்.

அவர் மனம் நின்றுபோகிற இடம் ஒன்றே ஒன்று: கிழக்கு எல்லை. அது அவருடைய தாத்தா போட்ட எல்லை.

அமெரிக்கர் காலத்தில் மலையை அளக்க வந்த வெள்ளைக்கார சர்வேயருக்கு மூட்டை சுமந்தவர்களில் தாத்தா தல்யாகனும் ஒருவர். முன்னால் நடந்தவர் அவர்தான். படாய் குன்றைத் தாண்டியதும் இடாவ் என்கிற, சிவப்பு மார்புள்ள சகுனப் பறவை ஒன்று பாதையைக் குறுக்கே கடந்தது. தாத்தா மூட்டையை இறக்கினார். பின்னால் வந்த பதினெட்டுப் பேரும் இறக்கினார்கள். இடாவ் கடந்த பாதையில் எங்கள் பக்கத்து மனிதன் அன்றைக்கு ஓர் அடி வைக்கமாட்டான். சர்வேயர் கத்தினார், தொப்பியை மிதித்தார். மறுநாளும் மழை. சோறு தீர்ந்தது. கடைசியில் அந்த இடத்திலேயே ஒரு கல்லை நட்டு, இதுதான் எல்லை என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் மூன்று படியாக விழுகிற அருவி பக்கத்து நகராட்சியான பந்தாயோங்குக்குப் போயிற்று. இன்றைக்கு அங்கே பேருந்து பேருந்தாக வந்து படம் எடுக்கிறார்கள்.

போனது அருவி மட்டும் என்றால் கஸ்பார் விட்டிருப்பார். பறவையே வரவில்லை, தல்யாகனுக்கு முதுகு வலித்தது, அதனால் புளுகினான் என்று பந்தாயோங்கில் ஒரு பேச்சு. கஸ்பார் பெண் எடுத்ததோ அந்த ஊரில். மனைவியின் அண்ணன் பஸிலியோ கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே, பன்னிக்கறித் தட்டைத் தூக்கிட்டு வா. பாத்து! கனமா இருந்தா ஏதாவது பறவை பறந்துடப்போவுது."

முப்பத்தைந்து வருடமாக இதே நகைச்சுவை. நெல் மூட்டை தூக்கினாலும் பறவை, பிணம் தூக்கினாலும் பறவை. "எங்க தாத்தா திருடியிருக்கலாம், குடிச்சிருக்கலாம். இடாவ் விஷயத்துல பொய் சொல்லியிருக்க மாட்டாரு" என்று கஸ்பார் ஒவ்வொரு முறையும் சொல்வார். பஸிலியோ வெற்றிலை மென்றபடி வானத்தைப் பார்ப்பார்.

அப்படி இருக்கையில் ஒரு வருடம் படிவத்தில் 'அருவிகள்' என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. 'இல்லை' என்று எழுதக் கஸ்பாருக்குக் கை வரவில்லை. பந்தாயோங்குக்காரன் அதே கட்டத்தில் என்ன எழுதுவான் என்று நினைத்துப் பார்த்தார். 'ஏழுபடி அருவி, படாய்' என்று தட்டச்சு செய்தார். அவர்களுடையது மூன்று படி. செய்வதுதான் செய்கிறோம், ஏழாக இருக்கட்டுமே.

அடுத்த வருடம் அழித்துவிடலாம் என்றிருந்தார். அடுத்த வருடம் அதைப் பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில் சேர்த்துவிட்டார்கள். 'நம் ஊரில் அருவி கிடையாது' என்று எழுதிய அவருடைய மகள் ரோவேனாவுக்கு ஒரு மதிப்பெண் போயிற்று. வீட்டில் அழுத பிள்ளையிடம், "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்ன கஸ்பார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. படாய் குடியிருப்புக்காரர்களோ அருவி அடுத்த பள்ளத்தில் இருக்கிறது என்று நம்பினார்கள். அடுத்த பள்ளத்துக்காரர்கள் அதற்கும் அடுத்ததைக் காட்டினார்கள்.

பொய்க்கும் ஒரு வயது உண்டு. கஸ்பார் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது கடிதம் வந்தது: மாகாணத் திட்ட அலுவலர் ரெமெடியோஸ் அம்மையார் ஏழுபடி அருவியைத் திறந்துவைக்க நேரில் வருகிறார். மேயர் ரிப்பனும் கத்தரிக்கோலும் வாங்கிவிட்டார். வழிகாட்ட, காடு தெரிந்தவர் என்று பஸிலியோவையே அழைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அரிசிக் கள்ளை ஊற்றிக்கொடுத்து, கஸ்பார் மைத்துனரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பஸிலியோ சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சரி, தூங்கு. ஏதாவது ஒரு வழி பிறக்கும்" என்றார்.

காலையில் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். முன்னால் பஸிலியோ, பின்னால் குடையோடு அம்மையார், கத்தரிக்கோலோடு மேயர், அருவிக்கரையில் சமைக்க இரண்டு உயிர்க்கோழிகள், ஒரு குடம் அரிசிக் கள். கஸ்பார் பாதையைப் பார்க்கவில்லை. மரம் மரமாகப் பார்த்தார். இடாவ் ஒன்று குறுக்கே பறந்தால் போதும், எல்லோரும் திரும்பிவிடுவார்கள். கேட்காதபோது வந்து அருவியையே கொண்டுபோன பறவை, கேட்கும்போது எங்கே தொலைந்தது? ஒரு காக்கைகூட வரவில்லை.

படாய் குன்றைத் தாண்டியதும் பஸிலியோ சட்டென்று கையைத் தூக்கினார்.

"இடாவ்! குறுக்க போயிடுச்சு!"

கோழிக்கூடை தரையில் இறங்கியது. மணிலாவில் சட்டம் படித்த மேயரே மறு கேள்வி இல்லாமல் வந்த வழி பார்த்துத் திரும்பி நின்றார். அம்மையார் குடையை மடக்கினார். "அப்ப கீழ போயிடலாம். எங்கம்மாவா இருந்தா, நாளைக்குக்கூட இந்தப் பக்கம் விடமாட்டாங்க. அருவி பாத்த மாதிரியே எழுதிக்கிறேன், விடுங்க."

தப்பித்தாயிற்று. கஸ்பாரின் கால் மட்டும் திரும்பவில்லை. பஸிலியோ அவரைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினார். அன்பாகத்தான் சிமிட்டினார். ஆனால் தாத்தாவைப் பற்றி அந்த ஊர் சொன்ன அத்தனையும் அந்த ஒரு சிமிட்டலில் இருந்தது. பேரனுக்குப் பறந்த பறவைதானே தாத்தாவுக்கும் பறந்திருக்கும்?

"பறவை வரல" என்றார் கஸ்பார்.

"யோவ், சும்மா இரு" என்று பஸிலியோ பல்லைக் கடித்தார்.

"நான்தான் காலையிலேருந்து அதையே தேடிக்கிட்டு வர்றேன். வரல. அருவியும் இல்ல, மேடம். அந்தக் கட்டத்தைக் காலியா விட மனசில்லாம நான்தான் எழுதினேன்."

மேயரின் கையில் கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது. ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

"ஏங்க," என்றார் அம்மையார் மெதுவாக, "நாங்கதான் திரும்பிட்டோமே. வாயை மூடிட்டு இருந்தா தப்பிச்சிருப்பீங்களே?"

"அருவி நான் எழுதுனது மேடம். பறவை எங்க தாத்தா பாத்தது. ரெண்டையும் ஒண்ணாக்கக் கூடாது."

மேயர் திட்டத் தொடங்கினார். இத்தனை வருடப் பாடப்புத்தகம், ஊர் வளைவில் 'ஏழுபடி அருவி' என்று தீட்டிய எழுத்து, ரிப்பன் என்று வரிசையாகத் திட்டினார். கஸ்பார் தலை குனிந்து கேட்டுக்கொண்டார், நியாயமான திட்டு. அம்மையார் தம் பையிலிருந்து இந்த வருடத்துப் படிவத்தை எடுத்துப் பேனாவோடு நீட்டினார். கஸ்பார் மேயரின் முதுகிலேயே தாளை வைத்து, அருவிகள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

தாத்தாவும் பறவையும் எல்லைக் கல்லுமான கதையைக் கேட்டுவிட்டு, "அந்தக் கல்லு எங்க இருக்கு?" என்று அம்மையார் கேட்டார்.

பத்து நிமிட நடைதான். இடுப்புயரக் கல், பாசி பிடித்திருந்தது. அதன் அருகில் நின்றால் பந்தாயோங்கின் அருவி மூன்று படியும் முழுசாகத் தெரிந்தது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு படியைப் பாறை மறைத்துவிடுமாம், பஸிலியோவே ஒப்புக்கொண்டார். கோழிகளை அங்கேயே சுட்டுச் சமைத்தார்கள். இரண்டாம் கிண்ணத்துக்குள் மேயரின் கோபமும் பாதியாயிற்று.

முதல் கிண்ணம் கள்ளைப் பஸிலியோ குடிக்கவில்லை. எழுந்துபோய்க் கல்லின் அடியில் ஊற்றினார். தம் வீட்டில் செத்துப்போன பெரியவர்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஊற்றமாட்டார்கள்.

"தல்யாகன் தாத்தா," என்றார் கல்லைப் பார்த்து, "குடிங்க. முப்பத்தஞ்சு வருசமா நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

கஸ்பார் அருவியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.