இரண்டு செம்புத் தண்ணீர்

நேற்று குளியலறைக் குழாயை மூட மறந்துவிட்டேன். வாளி நிறைந்து வழிந்த சத்தம் என்னைக் கோவில்பட்டியில் அப்பாவின் போட்டோ ஸ்டுடியோ இருட்டறைக்குக் கொண்டுபோனது.

தங்கை செல்வி காய்ச்சலில் இறந்த கோடை அது. சாவதற்குச் சில நாள் முன்பு அப்பா எடுத்த ஒரே ஒரு படம்தான் அவளுக்கென்று இருந்தது. அவள் போன பிறகு, சிவப்பு விளக்கடியில், மருந்துத் தட்டிலிருந்த காகிதத்தில் அவள் முகம் மெல்ல எழும்பியபோது அம்மா விம்மினாள். மருந்து போக அரைமணி நேரம் ஓடுகிற தண்ணீரில் படத்தை அலச வேண்டும்; இல்லாவிட்டால் படம் மங்கிப்போகும். ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம்; வீட்டில் இருந்ததோ ஒரு குடம்.

"எல்லாத்தையும் ஊத்துங்க" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "இவளுக்குக் குடிக்க வேண்டாமா?"

இரண்டு செம்போடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நான் குடித்தேன்.

ஆறே மாதத்தில் படம் பழுப்பேறி முகம் மறைந்தது.

"மருந்து சரியாப் போகல. வேற பிரிண்ட் போடுதேன்" என்று நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்த அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இல்லாத அந்தக் கோடையில் அதையும் அரைகுறையாகத்தான் அலசியிருந்தார். அதிலும் முகம் இல்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. இன்று காலை கேட்டாள்: "ஏட்டி, செல்வி மூஞ்சி எப்படி இருக்கும்? எனக்கு நெனப்புக்கு வரமாட்டேங்குது."

"உன்னை மாதிரியேதாம்மா" என்றேன். எனக்கும் ஞாபகம் இல்லை.