சாவதற்கு ஒரு வாடகை வீடு

எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுக?" என்பதுதான். நாங்கள் புருசன் ஒரு சாதி, பெண்டாட்டி ஒரு சாதி. அதற்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வருசம் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "அண்ணனுக்கு உடம்புக்கு என்ன?"

என் கணவருக்குக் குடலில் புற்றுநோய். ஏலத்தோட்டத்துக்கு அவர் ஆள் ஏற்றிப்போன ஜீப்பை வைத்தியத்துக்காக விற்றாயிற்று. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டில்? சின்னமனூரில் நாங்களும் எங்கள் மகளும் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான். "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்மா, இந்த நேரத்துல வீட்டுல ஒண்ணு ஆகிப்போச்சுன்னா..." என்று இழுத்தார். வாடகைக்கு இருப்பவர்களின் பிணத்தை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போனவர்களை எனக்கே தெரியும். இவருக்கு வலியைவிட அந்தப் பயம்தான் பெரிது. "வீட்டுல இருந்து எடுக்கணும்டி. ரோட்டுல வச்சு அனுப்பிராத."

முடி கொட்டியது தெரியாமல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வருவார். துண்டைப் பார்த்ததுமே, "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாக" என்பார்கள். வெளியே வந்து சிரிப்பார். "எல்லா வீட்டுக்கும் நமக்கு முந்தி ஓடுறானே, அந்த ஒருத்தனப் பாக்கணும்டி."

கடைசியில் தேனிக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி ஒரு நகர். பேர்தான் நகர். தார் பாதியிலேயே நின்றுவிட்டது, சாக்கடை கிடையாது, கொசு அள்ளிக்கொண்டு போகும். தையல்கடை பாய், மலையாளத்தில் திட்டுகிற டீக்கடைக்காரர், மில்லுக்குப் போகிற பெண்கள், எல்லாரும் எங்கிருந்தோ வந்து ஒதுங்கியவர்கள். வீட்டுக்காரம்மா என்ன ஆளுக என்று கேட்கவேயில்லை. இவர் துண்டை அவிழ்த்துவிட்டார்.

"அக்கா, மறைக்கல. நான் இங்கன சாகத்தான் வாறேன். சம்மதமா?"

அந்தம்மா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தது.

"மாடிதான கேட்டீக? அது வேணாம். படி குறுகல், பாடை இறங்காது. நீங்க கீழ இருங்க, நான் மேல போய்க்கிறேன்."

ஐப்பசி மழையில் போனார். கூடத்தில்தான் கிடத்தினோம். அவருடைய அண்ணன்மார் வந்தார்கள். வாசல்வரை வரவில்லை, தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள். "கண்டவுக கிடக்குற தெருவுலயா கொண்டாந்து போட்ட?" என்று மூத்தவர் என் மகள் காதுபடவே கேட்டார். பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்த பாய், கேட்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன்மார் தோள் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களில் பாதிப்பேருக்கு இவர் பெயர்கூடத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டுக்காரம்மா இறங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தது.

"இருக்கியா ஆத்தா, போயிருவியா?"

"எங்க போக? இருக்கேன்."

"அப்பக் குடத்தக் கழுவி வையி. நாளைக்குத் தண்ணி உன் முறை. எதுத்த வீட்டுக்காரி சண்டைக்கு வருவா, விட்டுக்குடுத்துராத."