செவ்வந்தி ரசம் வைத்த பத்து நாள்

பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள் செவ்வந்தி. பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வதால் வேலை நேரத்தில் பேச முடியாது. கரையேறியதும் அந்தக் குறையைச் சேர்த்துத் தீர்த்துவிடுவாள் என்பான் புருஷன் தருமன்.

கொஞ்ச வருஷமாகப் பறியின் அடி மறையும் அளவுக்கு இறால் கிடைத்தாலே பெரிய விஷயம். "காலையில இருந்து தடவினேன். ஏரிக்குக் கால் புடிச்சி வுட்டதுதான் மிச்சம்" என்று திரும்பி வருவாள்.

போன ஆடியில் சென்னை அறக்கட்டளை ஒன்று, ஏரியில் விடுவதற்காக டைகர் இறால் குஞ்சுகளை வேனில் கொண்டுவந்தது. பந்தல், மைக், நாற்காலி எல்லாம் தயார். சிறப்பு விருந்தினர்தான் வரவில்லை. பொன்னேரியைத் தாண்டிவிட்டார் என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள். மணி பதினொன்றாகிவிட்டது. குஞ்சுகள் இருந்த பிளாஸ்டிக் பைகள் வெயிலில் கிடந்தன.

செவ்வந்தி ஒரு பையைத் தொட்டாள். சுட்டது. யாரையும் கேட்காமல் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு ஏரியில் இறங்கி, கட்டை அவிழ்க்காமல், சூடு தணியட்டும் என்று தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

"அந்த அம்மா வெளிய வரணும்" என்றது மைக்.

"நான் வந்துடுவேன். பைக்குள்ள கீறது வெந்து போயிடும், பரவால்லயா?"

அறக்கட்டளையின் மீன் நிபுணர் ஜெஸ்ஸி. சின்னப் பெண். காலையிலிருந்து இதையே சொல்லி அலுத்துப்போயிருந்தாள். பேண்டைச் சுருட்டிக்கொண்டு அவளும் இரண்டு பைகளோடு இறங்கினாள். பின்னாலேயே குப்பத்துப் பெண்கள் மிச்சப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விருந்தினர் வந்து பார்த்தால் பந்தல் காலி, கூட்டம் தண்ணீரில். அவரும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி ஒரு பையைத் திறந்துவிட்டார். பேப்பரில் வந்த படத்தில் செவ்வந்தியின் முதுகு தெளிவாக விழுந்திருந்தது.

மூன்று வாரம் போனது. தருமன் கண் நெருக்கமான பொடிக்கண் வலை போட்டு ஒரு கூடை பொடி இறாலோடு வீட்டுக்கு வந்தான். செவ்வந்தி கிளறிப் பார்த்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இறால்களின் முதுகில் வரி வரியாக இருந்தது.

"இன்னாயா இது?"

"கொழம்புக்கு."

"நான் வெயில்ல நின்னு வுட்டதை நீ கொழம்புக்குப் புடிச்சாந்துகீறியா?"

"ஏரியில கீது, வலையில வுழுது. நான் இன்னா பண்றது?"

செவ்வந்தி அன்றைக்கு ரசம் வைத்தாள். மறுநாளும் ரசம். அடுப்புப் பக்கம் பொடி இறால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் மற்றப் பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடலோரக் குப்பம் ஒன்று பத்து நாள் மிளகு ரசத்தில் ஓடியது. டீக்கடையில் ஆம்பளைகள் அப்பளத்தைப் பற்றி ஆழமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

பதினோராம் நாள் ஊர்க்கூட்டம். பொங்கல் வரைக்கும் பொடிக்கண் வலையை யாரும் இறக்கக்கூடாது என்று முடிவானது. முதலில் கை தூக்கியவன் தருமன்தான். நாக்கு செத்துப்போச்சு என்று காரணமும் சொன்னான்.

கார்த்திகையில் ஒருநாள் செவ்வந்தியின் கையில் ஒரு டைகர் இறால் சிக்கியது. உள்ளங்கையைவிட நீளம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அன்றைக்குப் பறி பாதி நிறைந்தது. ஜெஸ்ஸிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"நம்ம விட்டதாக்கா?"

"பேரு எழுதி வுட்டிருந்தா படிச்சிச் சொல்லலாம், பாப்பா."

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து முகத்துவாரம் அகலமாகத் திறந்திருந்தது. கடலிலிருந்து தானாக ஏறிவந்த இறாலாகவும் இருக்கலாம். அறிக்கையில் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் எழுத வேண்டும் என்றாள் ஜெஸ்ஸி.

"எழுதிக்கோ. உறுதியில்லன்னா இன்னொரு வாட்டி வுட்டுப் பார்க்கணும்னு அடியில நான் சொன்னதா போடு" என்றாள் செவ்வந்தி.

ஜெஸ்ஸி அப்படியே போட்டாள். தை மாதம் வேன் மறுபடி வந்தது, இந்தத் தடவை விடியற்காலையில்.