ஆற்றில் விட்ட சூடம்

கொழும்புக்கு வெளியே, களனி ஆற்றோரம், துணிக்குச் சாயம் போடும் பெக்டரியில் அப்பாவுக்கு வேலை. தீபாவளிக்குத் தீபாவளி வந்துபோகிற புருஷனுக்காக மாத்தளைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் காத்துக் கிடந்தது போதும் என்று, அம்மா ஒரு நாள் தோட்டத்து ஆள்பதிவில் தன் பேரை வெட்டி வேலையை விட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

வீடென்ன வீடு! தகரம் அடித்த ஓர் அறை. பின்னால் ஆறு. பெக்டரி அன்றைக்கு என்ன சாயத்தைக் கழுவி விட்டதோ, கரையோரத் தண்ணீருக்கு அந்த நிறம். அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே சோறாக்கினாள்.

மாசி மாதம் மாத்தளையில் மாரியம்மன் தேர் ஓடும். அன்று சாயங்காலம் எங்கள் தோட்டத்தில் வாழைப்பட்டையில் சூடம் கொளுத்தி ஆற்றில் விடுவார்கள். அணையாமல் போனால் வேண்டினது நடக்கும். அந்த வருஷமும் அம்மா அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. வேலியோர வாழையில் பட்டை உரித்து, சூடம் கொளுத்தி ஆற்றில் விட்டாள்.

"தாயே, எங்கள இனிமே பிரிச்சிராத."

பாழாய்ப்போன சூடம், அணையவே இல்லை. ஆடி அசைந்து நேரே பாலத்துக்குப் போனது. யுத்த காலம். பாலத்தில் காவல் நின்ற ஆமிக்காரர்கள் குண்டுதான் மிதந்து வருகிறதென்று விசில் ஊதினார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். யார் விட்டது என்று சிங்களத்தில் கேட்டார்கள். அம்மா வாயைத் திறக்குமுன் அப்பா, நான்தான் என்று முன்னால் போய் நின்றார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். வீட்டுக்காரம்மா நல்ல மனுஷிதான், அழுதுகொண்டே அறையைக் காலி பண்ணச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே யார் இடம் கொடுப்பார்கள்? அப்பா பெக்டரிக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம். நாங்கள் மாத்தளைத் தோட்டத்தில் மாமா வீட்டுக்குத்தான் போக வேண்டும். பேர் வெட்டியவளுக்குத் தோட்டத்தில் வேலையேது, லயமேது?

பஸ்ஸடியில் அம்மா, "ஒரு சூடந்தானேங்க கொளுத்துனேன்" என்றாள்.

"தெரியும்மா. நீ ஏறு. தீபாவளிக்கு வந்துர்றேன்."

பஸ் புறப்பட்டதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கோ லயத்துக் கூட்டாளிகளைப் பார்க்கப் போகிற குஷி. அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்றே நினைத்தேன். பைக்குள் கிடந்த தேசிக்காயை எடுத்து, எலுமிச்சை வாசத்துக்கு வாந்தி நிற்குமென்று, மாத்தளை வரும்வரை அவள் மூக்கருகில் பிடித்துக்கொண்டே வந்தேன்.