மேலேயா, கீழேயா

பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் நான் எடுத்த ஆய்வைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் பெருமையடிக்க முடியவில்லை. ஒரு சாமான் எங்கே இருக்கிறது என்பதை உலகத்து மொழிகள் எப்படியெல்லாம் சொல்கின்றன என்பதுதான் தலைப்பு. "இதப் படிக்கவா நாலு வருஷம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். சில மொழிக்காரர்கள் இடம், வலம் என்பார்கள். சிலர் மேசையில் இருக்கும் கோப்பைக்குக்கூட வடக்கு, தெற்கு பார்ப்பார்கள். மெக்சிகோவின் மலைகளிலும் நேபாளத்து மலைகளிலும் சிலர் எதைச் சொன்னாலும் ஏற்றப் பக்கம், இறக்கப் பக்கம் என்பார்கள். இதைச் சோதிக்க ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, இருவருக்கும் ஒரே மாதிரிச் சாமான்களைக் கொடுக்க வேண்டும். ஒருவர் தன் முன்னால் இருப்பதை வாயால் சொல்ல, மற்றவர் திரும்பிப் பார்க்காமல் அதே மாதிரி அடுக்க வேண்டும்.

லீவுக்கு ஹட்டனில் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்ததும், கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய அம்மாவையும் என் கூடப்பிறந்த அக்காவையும் பிடித்து உட்கார வைத்தேன். கோப்பை, கரண்டி, தீப்பெட்டி. அம்மா ஆரம்பித்தார்.

"கோப்பைக்கு மேல கரண்டிய வையி. தீப்பெட்டி கீழ, ஸ்டோர் பக்கம்."

ஸ்டோர் என்றால் எங்கள் தேயிலை ஆலை. லயத்துக்குக் கீழே இருக்கிறது. அக்கா கரண்டியைக் கோப்பையின் தலையில் வைக்கவில்லை. மலை ஏறும் பக்கமாகத் தள்ளி வைத்தார். தீப்பெட்டி பள்ளத்துப் பக்கம் போனது. இவ்வளவும் தட்டையான சிமெந்துத் தரையில்.

"சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"யாரு சோத்தாங்கை? எனக்கா, அவளுக்கா? அவ அங்கிட்டுல்ல பாத்து உக்காந்திருக்கா."

எனக்கு வாயெல்லாம் பல். விரிவுரையாளரிடம் காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கூடவே கொஞ்சம் கவலையும் வந்தது. வெளியாட்களுக்கு இது விளங்காது. முதல் தடவை கொழும்புக்குப் போனபோது, மேடுபள்ளமில்லாத வெள்ளவத்தையில் ஒருவரிடம் கடைக்கு வழி கேட்டு, "மேலயா கீழயா, அண்ணே?" என்று சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வெளியே இடம் வலம், வீட்டில் மேலே கீழே என்று பிரித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அம்மாவைக் குளவி கொட்டியது.

குளவி எங்களுக்குப் புதிதல்ல. போன வருஷம் எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவரைக் கொட்டியபோது, கிட்ட இருக்கிறது என்று மேலே தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே மாத்திரைதான் இருந்தது. மறுபடி இறக்கி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. தூக்கியவர்களில் அம்மாவும் ஒருவர்.

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"புள்ள, அம்மாவ குளவி கொட்டிருச்சு. மூஞ்செல்லாம் வீங்கி மூச்சு வாங்குது. ஸ்டோருக்குக் கீழ, பாலத்துக்கிட்ட ரோட்டுல வச்சிருக்கோம். ஒனக்குத்தான சிங்களம் வரும், ஆம்புலன்ஸக் கூப்புடு!"

கூப்பிட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கி ஓடினேன். பாதி வழியில் ஆம்புலன்ஸ் டிரைவர் போன் பண்ணிச் சிங்களத்தில் பேசினார். கடைச் சந்திக்கு வந்துவிட்டாராம். அங்கே ரோடு இரண்டாகப் பிரிகிறதாம். எந்தப் பக்கம்?

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். புத்திதான் வேலை செய்யவில்லை. அவர் வெளியாள், இடம் வலம்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். வண்டி ஹட்டன் பக்கமிருந்து வருகிறது. நான் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறேன். அப்படியானால் ஸ்டோர் அவருக்கு எந்தக் கைப் பக்கம்? "வமட்ட" என்றேன், இடது பக்கம். உடனே, "இல்லை, இல்லை, தகுணட்ட" என்றேன், வலது பக்கம். கையைத் தூக்கிப் பார்த்தேன். எது சோற்றுக் கை என்பதே சந்தேகமாகிவிட்டது. தவறிப்போய் டிஸ்பென்சரி ரோட்டில் ஏறிவிட்டால் வண்டியைத் திருப்ப இடமில்லை. உச்சி வரை போய்த்தான் வர வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிரைவர் நிதானமாகக் கேட்டார்.

"நங்கி, உடட்டத, பஹலட்டத?"

தங்கச்சி, மேலேயா, கீழேயா?

"பஹலட்ட! பஹலட்ட!" என்று கத்தினேன். கீழே, கீழே. மலைக்கே கேட்டிருக்கும்.

அவர் வலப்பனை மலைப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவர் ஊரிலும் மேட்டு வீடு, பள்ளத்து வீடு என்றுதான் வழி சொல்வார்களாம். மொழிகள் ஒத்துப்போக உறவு ஒரு காரணம், பக்கத்தில் பழகுவது இன்னொரு காரணம் என்று வகுப்பில் படித்திருந்தேன். பிறப்பால் தமிழும் சிங்களமும் சொந்தமில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் இரண்டையும் பேசுகிறவர்கள் ஒரே மாதிரிச் சரிவில்தான் ஏறி இறங்குகிறோம். ஆய்வில் இதை ஓர் அடிக்குறிப்பாகப் போட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை வண்டியில் ஏற்றி ஊசி போட்டிருந்தார்கள். இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போயிருந்தன. அக்கா வீட்டைப் பார்க்க நின்றுவிட, நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் சந்தி வரை ஏற வேண்டும். வண்டி ஏறத் தொடங்கியதும் அம்மாவின் விரல்கள் என் கையை நெரித்தன. அவ்வளவு பயந்து நான் அவரைப் பார்த்ததில்லை.

"மேலயா கொண்டு போறாங்க?"

"சந்தி வரைக்குந்தாம்மா மேல. அங்கேருந்து கீழ. டவுனுக்கு."

அம்மா நம்பவில்லை. பிடியும் தளரவில்லை. நான் முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தி வந்தது. வண்டி திரும்பி இறங்கத் தொடங்கியது. படுத்திருந்த அம்மாவின் உடம்பு தலைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. என் விரல்கள் விடுபட்டன.

"அக்காகிட்ட சொல்லு," என்றார் அம்மா, தடித்த உதட்டோடு. "மழ வரும். கோழிய அடைக்கச் சொல்லு."